பொறுக்கியெடுத்த கடல்

ஒரு கடலுக்கு மருந்து கொடுப்பதென்று முடிவாகிவிட்டால், அடுத்து வரும் கேள்வி எவ்வளவு கொடுப்பது என்பதுதான். மனிதருக்கென்றால் எடை பார்க்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். கடல் நோயில்லாமல் இருந்த காலத்தில் எப்படி இருந்தது என்று யாரைப் போய்க் கேட்பது?

ஜெசிந்தா கொரைராவைக் கேட்டார்கள். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் இருந்த கடல் அருங்காட்சியகத்தில், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளின் ஓடுகளுக்கு அவள்தான் காப்பாளர். வயது நாற்பத்தாறு. எட்டு மாதங்களுக்கு முன் அளவுச் சான்றிதழில் அவள் போட்ட ஒரு கையெழுத்தை நம்பித்தான் அன்றைக்கு நான்கு கப்பல்கள் மன்னார் வளைகுடாவில் நங்கூரம் போட்டு நின்றன. பிற்பகல் மூன்றரை மணிக்கு அவற்றின் வால்வுகள் திறக்க வேண்டும்.

காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சி நிருபர் கூப்பிட்டாள்.

"மேடம், மக்களுக்குப் புரியற மாதிரி ஒரு நிமிஷத்துல சொல்லுங்க. அறுபது வருஷத்துக்கு முந்தின ஓட்டுக்கும் இன்னைக்குக் கடல்ல ஊத்தப்போற மருந்துக்கும் என்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்விக்கு ஜெசிந்தா நூறு முறையாவது பதில் சொல்லியிருப்பாள். "கடல்ல மிதக்கிற சின்னச் சின்ன உயிரிங்க இருக்கு. ரவையில பாதிகூட இருக்காது. தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டிக்கும். நாம விடுற புகையெல்லாம் கடல்ல கரைஞ்சு தண்ணி புளிச்சுப்போனா, அதால தடிமனா ஓடு கட்ட முடியாது. அந்தக் காலத்து ஓடு எங்ககிட்ட இருக்கு. இந்தக் காலத்து ஓட்டையும் அளந்தோம். முப்பத்தெட்டு சதவீதம் மெலிஞ்சிருக்கு. அந்த முப்பத்தெட்டை ஈடுகட்ட, புளிப்பை முறிக்கிற காரம் எவ்வளவு வேணுமோ, அவ்வளவு ஊத்தறாங்க."

"சூப்பர் மேடம். அந்தப் பழைய ஓட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பறீங்களா? கம்ப்யூட்டர்ல இருக்கிற நம்பர் வேண்டாம், கண்ணால பாக்கிற மாதிரி."

ஜெசிந்தா அலமாரியைத் திறந்து, அளவெடுப்புக்குப் பயன்பட்ட அட்டைகளில் ஒன்றை எடுத்தாள். கறுப்பு அட்டை, அறுபது கட்டம், கட்டத்துக்கு ஒரு ஓடு, பசை வைத்து ஒட்டியது. ஓரத்தில் மையால் எழுதிய கப்பல் எண், தேதி, பொறுக்கியவரின் முதலெழுத்துகள்: ச.மா. நுண்ணோக்கியின் கீழே வைத்துக் குனிந்து பார்த்தாள்.

அழகாகத்தான் இருந்தன. நான்கைந்து குமிழ்களைச் சேர்த்து ஒட்டிய மாதிரி, வெள்ளை வெளேரென்று. முதல் வரிசை முழுவதும் பார்த்தாள். இரண்டாவது வரிசைக்கு வந்தபோது அவள் கை நகர்த்துவதை நிறுத்தியது.

ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

இந்த உயிரி கடைசியாகக் கட்டும் அறை மிக மெல்லியது. வலையில் அள்ளி, கழுவி, காயவைத்தால் மூன்றில் ஒன்று உடையும். குட்டியும் பெரியதும் கலந்து வரும். இந்த அட்டையில் அறுபதும் ஒரே அளவு, ஒரே பருமன். ஜவுளிக் கடைக் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைகள்போல. அவள் இன்னொரு அட்டையை எடுத்தாள். இன்னொன்று. பதினான்கு அட்டைகள். எல்லாம் ச.மா. எல்லாம் முழு ஓடுகள்.

எட்டு மாதத்துக்கு முன் இவற்றை அளந்தது ஸ்கேனர். அட்டையை உள்ளே தள்ளினால் ஓட்டுச் சுவரின் தடிமனை எண்ணாக வெளியே தள்ளும். அவள் எண்களைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். ஓடுகளைப் பார்க்கவே இல்லை.

நிருபரின் போன் மறுபடி அடித்தது. ஜெசிந்தா எடுக்கவில்லை. பழைய ஊழியர் பட்டியலைத் திறந்து, ச.மா. என்ற சுருக்கத்துக்குப் பொருந்தும் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரிக்கு எண்பத்தொரு வயது. பிரையண்ட் நகரில் மகள் வீட்டு மாடியில் இருந்தாள். ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு ஜெசிந்தா படியேறியபோது, கிழவி தொலைக்காட்சிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் நான்கு கப்பல்கள்.

"மியூசியத்துல இருந்தா வாரிய? உக்காருங்கம்மா. நேத்து டிவியில நம்ம அட்டையக் காட்டுனாவ. தெருப் பூரா சொல்லிட்டேன், அது நான் பொறுக்குனதுன்னு. எங்க, நம்புதாளுவளா!"

"அதப் பத்திக் கேக்கத்தாம்மா வந்தேன். அவசரம். எப்படிப் பொறுக்குவீங்க? கைக்கு வந்ததை அப்படியே எடுத்து ஒட்டுவீங்களா?"

சந்தனமாரி சிரித்தாள். "அதெப்படி? மூணே மயிரு உள்ள பிரசு. நுனிய நாக்குல தொட்டு ஈரமாக்கி, ஒண்ணொண்ணாத் தொட்டு எடுக்கணும். மூச்சு விட்டாப் பறந்துரும். ஒடஞ்சது, நோஞ்சான், பொடிசு, கண்ணாடி மாதிரி மெல்லிசு, அதையெல்லாம் ஒதுக்கிருவோம். அரிசியில கல்லு பொறுக்குத மாதிரிதான். 'மியூசியத்துக்குப் போறது மாரி, நூறு வருசம் இருக்கும், அழகா இருக்கணும்'னு புரபசர் சாரு சொல்லுவாவ. என் அட்டையத்தான் மத்த பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவாவ."

 இன்றைய கடலின் ஓடுகளை இயந்திரம் அள்ளியது அள்ளியபடி அளந்திருக்கிறது, உடைந்ததும் மெலிந்ததும் சேர்த்து. பழைய கடலில் இருந்து மட்டும் தேர்ந்தெடுத்த ஓடுகள்.

"ஒதுக்கினதை என்னம்மா செய்வீங்க? கொட்டிருவீங்களா?"

"ஏன் கேக்கிய? தப்பா எதுவும் செஞ்சிட்டனா?"

ஜெசிந்தா தொலைக்காட்சியைப் பார்த்தாள். சந்தனமாரியும் திரும்பிப் பார்த்தாள். திரையில் ஒருவர் மருந்தின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கிழவிக்குப் படிப்பு எட்டாவதுதான். ஆனால் இருபத்தாறு வருடம் அந்த ஓடுகளோடு இருந்தவள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நல்லத மட்டும் பாத்துட்டு, கடலு அம்புட்டும் அப்படி இருந்ததுன்னு நெனச்சிட்டாவளா?"

"ஆமாம்மா. நான்தான் நெனச்சேன்."

"அப்ப மருந்து கூடிப்போகுமே."

"கூடிப்போகும்."

சந்தனமாரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கொட்டலம்மா. எப்படிக் கொட்டுவோம்? கப்பல்ல போயி எடுத்த மண்ணுல்லா. பேப்பர்ல பொட்டலம் கட்டி, நம்பர் போட்டு, இழுப்பறைக்குப் பின்னால சொருகிருவோம். இழுப்பறை ஆடாம இருக்கும். இன்னும் இருக்கும், பாருங்க. யாரு அந்தப் பக்கம் கைய விடப்போறா?" ஜெசிந்தா எழுந்து படிக்கட்டுக்குப் போனபோது, பின்னாலிருந்து குரல் வந்தது. "இந்தத் தப்புல எம் பேரு வருமாம்மா?"

"வராது," என்றாள் ஜெசிந்தா.

பொட்டலங்கள் இருந்தன. பன்னிரண்டரை மணிக்கு இழுப்பறைகளை முழுதாகக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, தோள்வரை கையை விட்டுத் துழாவியபோது முதல் பொட்டலம் அகப்பட்டது. பழுத்துப்போன செய்தித்தாள், மேலே பென்சிலால் கப்பல் எண். பதினான்கு அட்டைகளில் ஒன்பதுக்குப் பொட்டலம் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் மண்போல ஒரு தேக்கரண்டித் தூள். அந்த ஒரு கரண்டியில் சில ஆயிரம் ஓடுகள்.

ஸ்கேனர் ஒரு தட்டுக்குக் கால் மணி நேரம் எடுத்தது. ஒன்பதுக்கும் நேரமில்லை. ஐந்தை மட்டும் வைத்தாள். ஒவ்வொரு தட்டும் உள்ளே போய் வெளியே வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள். அட்டைகளில் ஒட்டிய ஓடுகளின் சராசரித் தடிமன் இருபது மைக்ரான். பொட்டலங்களையும் சேர்த்தபோது எண் இறங்கிக்கொண்டே வந்தது. பதினேழு. பதினைந்து. இரண்டு மணிக்கு, பதினாலில் நின்றது.

இன்றைய கடலின் எண் பன்னிரண்டரைக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் மெலிவு முப்பத்தெட்டு சதவீதம் இல்லை. பதினொன்றுதான். கப்பல்களில் இருப்பது தேவையைப்போல் மூன்றரை மடங்கு மருந்து.

அதிகப்படியான காரம் கடலில் என்ன செய்யுமென்று அவளுக்குத் தெரியும். நீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு அத்தனையும் ஒரே நேரத்தில் திரியும், பால் திரிவதுபோல. மீன் முட்டை வேகும். செவுள் அடைபடும்.

இரண்டு ஐந்துக்கு அவள் வாகீசனைக் கூப்பிட்டாள்.

வாகீசன் கடல் சீரமைப்பு ஆணையத்தின் திட்ட இயக்குநர். இருவரும் ஒரே வகுப்பில் முதுகலை படித்தவர்கள். செத்துக்கொண்டிருக்கும் பவளப்பாறைகளைக் காப்பாற்றியே தீருவதென்று நான்கு வருடம் டெல்லிக்கும் சென்னைக்கும் அலைந்து இந்தத் திட்டத்தை வாங்கி வந்தவன் அவன். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தான். பின்னால் யார்யாரோ பேசும் சத்தம் கேட்டது. அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. ஒரு கதவு மூடும் ஓசை வந்தது, சத்தங்கள் அடங்கின.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உனக்குத்தான் முதல்ல. அளவைக் குறைச்சாப் போதும் வாகீசன். திட்டத்தை நிறுத்த வேணாம். மூணுல ஒரு பங்கு ஊத்துங்க."

"அப்படிக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல ஜெசிந்தா. அளவை மாத்தணும்னா மூணு பேர் குழு கூடணும். ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள மழைக்காலம் வந்துரும். அடுத்த வருஷம் இந்தத் திட்டம் இருக்குமான்னே தெரியாது. பதினோரு சதவீதம்னாலும் கடலுக்கு நோய்தானே? இன்னைக்கு ஊத்திருவோம். ரெண்டாவது சுற்றுல சரிபண்ணிக்கலாம்."

"குழந்தைக்குப் பெரியவங்க மாத்திரையைக் குடுத்துட்டு, அடுத்த வேளைக்குக் குறைச்சுக்கலாம்னு சொல்ற."

அவன் பேச்சை மாற்றினான். "இன்னொண்ணு யோசிச்சியா? உன் தம்பி படகுக்காரன். உன் கையெழுத்தால எட்டு மாசமா அந்தப் பக்கம் மீன்பிடிக்கத் தடை, ஒரு படகுகூடப் போகல. இப்ப கடைசி நேரத்துல நீ மாத்திச் சொன்னா, தம்பிக்காகப் பண்ணினான்னுதான் சொல்லுவாங்க."

"தொம்மை என்கூடப் பேசியே எட்டு மாசம் ஆகுது."

"இப்ப எங்க இருக்கான்னாவது தெரியுமா?"

"எங்க இருப்பான்? வீட்டுலதான் இருப்பான்."

வாகீசன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். பிறகு, "அரை மணி நேரம் குடு. குழுவுல இருக்கிறவங்களைப் போன்ல பிடிக்கப் பாக்கறேன். அதுவரைக்கும் எதுவும் செஞ்சிராத," என்றான்.

ஜெசிந்தாவால் தனியாகவே அதை நிறுத்த முடியும். சான்று கொடுத்தவரே விலக்கிக்கொண்டால் கப்பல்களுக்கான அனுமதி அந்த நொடியே செத்துவிடும். சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் திட்டமும் செத்துவிடும். அந்தப் பவளப்பாறைகளை அவளும் பார்த்திருக்கிறாள், நுங்குச் சுளைபோல வெளுத்துக் கிடப்பதை. வாகீசன் பொய் சொல்லவில்லை. கடலுக்கு நோய் இருந்தது. அதனால் அந்த அரை மணி நேரத்தை அவள் கொடுத்தாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, காலி இழுப்பறைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். பொட்டலம் கட்டிய செய்தித்தாள்களை மடித்தாள், மறுபடி விரித்தாள், மறுபடி மடித்தாள்.

இரண்டு முப்பத்தைந்துக்குப் போன் வந்தது.

"முடியல ஜெசிந்தா. ஒருத்தர் விமானத்துல இருக்காரு. இன்னொருத்தர் எழுத்துல கேக்கறாரு. சொன்னாக் கேளு. போகட்டும் விடு."

"சரி," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

விலக்கிக்கொள்ளும் விண்ணப்பம் நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில், இனி எந்தச் சான்றிதழிலும் ஆயுள் முழுவதும் கையெழுத்திட முடியாது என்பதற்குச் சம்மதம். இதுவரை கையெழுத்திட்டவை எல்லாம் மறு ஆய்வுக்குப் போகும் என்பதற்குச் சம்மதம். சேகரிப்பு அறை சீல் வைக்கப்படும் என்பதற்குச் சம்மதம். அதற்குக் கீழே ஒரு கட்டம்: பிழைக்குப் பொறுப்பானவர் பெயர்.

ச.மா. என்ற எழுத்துகள் பதினான்கு அட்டைகளிலும் இருந்தன. அழகாக இருக்கவேண்டும் என்று சொன்ன பேராசிரியர் இறந்து முப்பது வருடம் ஆகிறது. அவர் பெயரை எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜெசிந்தா இரண்டையும் ஒரு கணம் நினைத்தாள். பிறகு தன் பெயரைத் தட்டச்சு செய்து, விரல் ரேகை வைத்தாள். மணி இரண்டு ஐம்பது.

திரையில் நான்கு புள்ளிகள் இருந்தன, கப்பலுக்கு ஒன்று. பச்சையாக இருந்த மூன்று உடனே சிவப்பாயின. நான்காவது, ஏற்கனவே மஞ்சளாக இருந்தது. மஞ்சள் என்றால் என்ன என்று அவள் யோசிப்பதற்குள் அவளுடைய கணக்கு பூட்டப்பட்டு, திரை இருண்டது.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. எட்டு மாதமாக அந்தப் பெயர் அவள் போனில் வந்ததில்லை. தொம்மை.

"யக்கா." பின்னால் இன்ஜின் சத்தம். "யக்கா, கடலு பாலா ஆயிட்டுக்கா."

"ஏல, எங்க இருக்க?"

"கப்பல்லதான். நாலாவது கப்பல்ல. ஆறு மாசமா இங்கதாங்க்கா வேல. படகக் கரையில ஏத்திப் போட்டுட்டு என்ன செய்யச் சொல்லுத? நாப்பது பேரு வந்தோம், எல்லாம் நம்ம ஆளுவதான். ஒன்கிட்ட எப்படிச் சொல்ல? நீ செஞ்ச வேலைய ஏசிட்டு, அதுக்கே கூலிக்கு நிக்கேன்னு சொல்லணுமா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நாந்தாங்க்கா தொறந்தேன். ரெண்டு இருவதுக்கு. மூணரைக்குன்னுதான் சொல்லியிருந்தாவ. பெறவு காத்து ஏறப்போவுது, ஒடனே தொறன்னு கட்டுப்பாட்டு அறையில இருந்து உத்தரவு வந்துச்சி. இப்ப மூடுன்னு சொல்லுதாவ. மூடிட்டேன். ஆனா வெள்ள பரவுதுக்கா. மீனு மேல வருது. வாயத் தொறந்து தொறந்து மூடுது. சூடை, சாளை, குட்டிப் பாறை மீனு, அம்புட்டும்..."

அவன் அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்ஜின் சத்தம் எல்லாவற்றையும் மூடியது.

"தொம்மை, நான் சொல்றதைக் கேளு. ஒரு பாட்டில் இருக்கா? தண்ணி குடிக்கிற பாட்டில்?"

"இருக்கு."

"வெள்ளைக்கு நடுவுல, மேல்தண்ணியை மொண்டு நிறைச்சு மூடு. எத்தனை மணி, எந்த இடம்னு அது மேலேயே எழுது. தெளிய வைக்காத, வடிகட்டாத. எது வருதோ அது அப்படியே வேணும்."

"கப்பல்ல இருந்து ஒரு சொட்டு எடுத்தாலும் வேலயவிட்டுத் தூக்கிருவாவ."

"தெரியும்."

"நெறைக்கேன்," என்றான் தொம்மை.

இருபது நிமிடம் கொட்டிய மருந்து என்றார்கள் சிலர். முப்பது என்றார்கள் சிலர். மறுநாள் காலை வானத்திலிருந்து எடுத்த படத்தில், தீவுகளுக்குத் தெற்கே வெள்ளைத் திட்டு ஒன்று பதினோரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடந்தது. ஊரில் அதைப்பற்றிப் பேச்சு வேறுமாதிரி இருந்தது. பேருந்து நிலையத்திலும் மீன் ஏலக் கூடத்திலும், கொரைரா வீட்டுப் பெண் தம்பிக்காகக் கையெழுத்தை மாற்றினாள் என்றார்கள். ஆணையம் வெளியிட்ட அறிக்கை இரண்டே வரி: நிர்வாகக் காரணங்களால் மூன்று கப்பல்கள் திரும்பின, நான்காவது கப்பல் மருந்திட்ட பகுதியில் தானியங்கி மிதவைகள் அளந்த கடல் நல எண் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

தொம்மை காலை ஏழு மணிக்கே அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டான். நேற்றுப் போட்டிருந்த சட்டையே. கையில் முழங்கைவரை மருந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. வந்ததும் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்தபடி நின்றான். அவள் அவன் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப்போய்க் கழுவிவிட்டாள். தோல் சிவந்து, சில இடங்களில் உரிந்திருந்தது.

ஸ்கேனர் பூட்டியிருந்தது. நுண்ணோக்கிக்குப் பூட்டு கிடையாது. ஒரு சொட்டு எடுத்து வைத்துக் குனிந்தாள்.

ஒன்பது மணிக்கு அறையைச் சீல் வைக்க வாகீசனே வந்தான், கையில் அரக்கும் நாடாவுமாக. கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது; அவனும் தூங்கியிருக்கவில்லை. தொம்மையைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு அவளிடம் நேராக வந்தான்.

"எண்ணைப் பாத்தியா? தொண்ணூத்தாறு. நீ பயந்த மாதிரி எதுவும் ஆகல ஜெசிந்தா. ஓடு தடிமனாகியிருக்கு. ஒரே ராத்திரியில."

"ஆமா, தடிமனாகியிருக்கு. வந்து பாரு."

அவன் நாடாவைக் கீழே வைத்துவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தான்.

"அழகா இருக்கு," என்றான் மெல்ல. "இவ்வளவு கனமான ஓடு நான் பாத்ததே இல்ல."

"வாயைப் பாரு. ஓட்டுக்கு ஒரு வாய் இருக்கும்ல? அது வழியாத்தான் இழையை வெளிய நீட்டி இரை பிடிக்கும். எங்க இருக்கு?"

வாகீசன் கண்ணாடித் தகட்டை நகர்த்தினான். இன்னும் நகர்த்தினான். அவன் தேடுவது அவன் தோள்களில் தெரிந்தது.

"இல்ல," என்றான்.

"வெளியில இருந்து சுண்ணாம்பு வந்து அப்பி அடைச்சிருச்சு. அது கட்டின ஓடு இல்ல இது. உள்ள எல்லாம் செத்துக் கிடக்கு. மிதவை தடிமனை மட்டும்தான் அளக்கும். செத்துப்போச்சான்னு பாக்க நாம சொல்லித்தரல."

அவன் நிமிரவில்லை. ஜெசிந்தா தம்பியிடம் திரும்பி, மணியை இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டாள்.

"ரெண்டு இருவதுக்கா. வால்வுல மணி பதிஞ்சிருக்கும். கட்டுப்பாட்டு அறையில இருந்து இந்த சாரே பேசுனாவ. குரல் தெரியும் எனக்கு."

இரண்டு ஐந்துக்கு அவள் வாகீசனிடம் சொன்னாள். அரை மணி நேரம் கேட்டான். இரண்டு முப்பத்தைந்துக்கு முடியவில்லை என்றான். அந்த அரை மணிக்கு நடுவில் இரண்டு இருபது இருந்தது.  ஜெசிந்தா வாகீசன் பக்கம் திரும்பினாள்.

"குழுவைக் கூப்பிடறேன்னு சொன்ன."

"கூப்பிட்டேன். தொறக்கச் சொன்னதுக்கப்புறம் கூப்பிட்டேன்." வாகீசன் இப்போதுதான் நிமிர்ந்தான். "காத்து ஏறுற மாதிரி இருந்துச்சு ஜெசிந்தா."

தொம்மை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா எப்போது போன் செய்தாள், என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. கடலில் முப்பது வருடம் போனவன், தெரிந்ததைச் சொன்னான்.

"காத்தா? நேத்து மத்தியானம் காத்தே இல்லியே சார். புகைகூட நேரா மேல போச்சி. உத்தரவு வந்தப்பவே எங்களுக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சி. பெரியவுக சொல்லுதாவ, ஏதாவது கருவி பாத்துச் சொல்லுவாவன்னு தொறந்துட்டேன்."

 கீழே சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வாகீசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒரு கப்பல் போட்டுட்டா அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாதுன்னு நெனச்சேன்," என்றான். "நாலு வருஷம். பவளம் செத்துக்கிட்டே இருக்கு. நீ சொன்ன எண்ணு தப்பா இருக்கும்னு நம்பினேன். நம்பணும்னு நெனச்சேன்."

 ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில், தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம்தான் வந்து நின்றது.

அவளால் இனி எதிலும் கையெழுத்துப் போட முடியாது. அவள் சொல்லை யாரும் எடுக்கப்போவதில்லை. கப்பலின் பதிவேடு ஆணையத்தின் கையில். தொண்ணூற்றாறு என்ற எண் செய்தியாகிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் கப்பல்கள் திரும்பி வரும். வாகீசன் எழுந்து, கதவில் அரக்கை உருக்கி ஊற்றிவிட்டுப் போனால் போதும்.

அவன் தொம்மையின் உரிந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இப்ப சொன்னதை எழுத்துல குடுப்பியா?"

தொம்மைக்குப் புரியவில்லை. "எத சார்?"

"உத்தரவு வந்தது, நீ தொறந்தது, கடல்ல பாத்தது. எல்லாம்."

"குடுத்தா எனக்கு வேல போகும். அது போயிட்டுப் போவுது, படகு கெடக்கு." தொம்மை அக்காவைப் பார்த்தான், பிறகு அவனை. "ஆனா உங்களத்தான சார் கேப்பாவ?"

"ஆமா."

ஜெசிந்தா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துத் தம்பிக்கு முன்னால் வைத்தாள். அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, தன் பெயரையும் கப்பலின் எண்ணையும் நிதானமாக எழுதினான். பிறகு பேனாவை நிறுத்தி நிமிர்ந்தான்.

"மணியும் போடணுமா?"

"போடு. ரெண்டு இருபது," என்றான் வாகீசன்.

"உத்தரவு சொன்னது யாருன்னு?"

"என் பேரைப் போடு."

தொம்மை எழுதினான். எழுதிவிட்டு, சொல்வதற்குக் கூச்சப்படுகிறவனைப்போல் குரலைத் தாழ்த்தினான்.

"காத்து இல்லங்கிறது?"

வாகீசன் ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த பாட்டிலில், வெள்ளை இன்னும் அடியில் தங்காமல் கலங்கியே நின்றது.

"அதையும் போடு," என்றான்.